பெட்டி மூடியின் உள்பக்கம்

முதலில் பிரிந்தது இடது மூலைதான்.

மேலூரில் என் மாமியார் வீட்டு முன்கூடமான பட்டாசாலை. காலையில் மதுரையில் நிக்காஹ் முடிந்து, மத்தியான வெயிலில் பஸ் ஏறி, புகுந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. என்னைப் பாயில் உட்காரவைத்து, முக்காட்டைப் புருவம்வரை இழுத்துவிட்டு, சுற்றிலும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் சீர்ப் பெட்டி. தகரப் பெட்டி, வெளியே ஊதா பெயிண்ட்.

மணப்பெண் கொண்டுவந்த பெட்டியை நாத்தனார் எல்லார் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என்ன புடவை, என்ன பாத்திரம் என்று பார்த்துவிட்டு ஊர்ப் பெண்கள் சொல்லும் வார்த்தையை வைத்துத்தான் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைக்கப்போகும் மரியாதை. அவளுக்கு மட்டுமில்லை, அவளைப் பெற்றவர்களுக்கும்.

நாத்தனார் கொக்கியை விடுவித்து மூடியைத் தூக்கி நிறுத்தினாள். உள்பக்கம் பளபளவென்று பச்சை சாட்டின் துணி.

"அடேயப்பா, மூடிக்குக்கூட சட்டை தைச்சுப் போட்டுருக்காக. மதுரைக்காரவுகன்னா சும்மாவா?" என்றது ஒரு குரல்.

சொன்னவள் வாயை மூடவில்லை, இடது மூலை பிரிந்து தொங்கியது. பிறகு மேல் ஓரம். நாடகக் கொட்டகையில் திரை இறங்குவது மாதிரி அவசரமே இல்லாமல் துணி முழுவதும் இறங்கி, என் கல்யாணப் புடவைகளின் மேல் படுத்துக்கொண்டது.

தலை குனிந்திருந்தாலும் பெட்டி என் கண்ணுக்கு நேராக இருந்தது. மூடி நிறையப் படங்கள். ஓர் இண்டு இடுக்கு இல்லாமல் ஒட்டப்பட்ட வண்ணப் படங்கள். மயில், புலி, கப்பல், ரயில், ராஜா, அம்பாரியில் ஒரு பெண். எல்லாவற்றுக்கும் நடுவில், கழுத்தும் காலும் தெரிய ஊஞ்சலாடும் ஒருத்தி. ஊஞ்சல்காரி நேராக எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

"தவ்பா தவ்பா!" என்று ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி, வாய்த்துடுக்குக்காரி, "ஏண்டி, இது சீர்ப் பெட்டியா, பயாஸ்கோப்பு கொட்டாயா?" என்றாள்.

பட்டாசாலையே சிரித்தது. எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. அழக்கூட வெட்கமாக இருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை அம்மாவைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். "உங்க அத்தா என்ன ஆனார்?" என்று தெரிந்தவர்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். அத்தா என்றால் எங்கள் வழக்கில் அப்பா. அத்தாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தப் பெட்டியைத் திறக்காமல் முடியாது. அதனால்தான் இத்தனை வாரம் ஒதுக்கியே வைத்திருந்தேன்.

சீட்டு

என் அத்தா விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். முதலாளி இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை. பேல் பிரிக்கிறவர். சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் துணி மூட்டைகளின் இரும்புப் பட்டையை வெட்டி, சாக்கை உரித்து, துணிகளை ரகம் பிரித்து அடுக்குவது அவர் வேலை.

அந்தத் துணி ஒவ்வொன்றின் மேல் மடிப்பிலும் ஒரு வண்ணப் படம் ஒட்டியிருக்கும். எழுத்துத் தெரியாதவர்களும் "மயில் மார்க் குடுங்க, கப்பல் மார்க் குடுங்க" என்று கேட்டு வாங்குவதற்காகக் கம்பெனிக்காரன் செய்த ஏற்பாடு. கடையில் அதைச் சீட்டு என்பார்கள். துணி விற்றதும் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போடுவார்கள். அத்தா கிழிக்க விடமாட்டார். துண்டைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சீட்டின் மேல் ஒத்தடம் கொடுப்பதுபோல் வைத்து எடுப்பார். பசை இளகியதும் ஈர்க்குச்சியால் ஓரத்தை நெம்பினால் படம் முழுசாக வந்துவிடும்.

சாமிப் படங்களும் நிறைய வரும். அவற்றைக் கடைக் கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். கணக்குப்பிள்ளை அதற்கு ஈடாகப் புலியோ கப்பலோ கொடுப்பார். சரஸ்வதிக்கு இரண்டு மிருகம் கேட்கலாமா, ஒன்றுதான் நியாயமா என்று இருவருக்கும் பெரிய வழக்கு நடக்கும்.

அந்நியத் துணியைக் கொளுத்த வேண்டும் என்று கதர்க்காரர்கள் தெருத்தெருவாக வந்த காலம் ஒன்று உண்டு. எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். அத்தா தன்னிடமிருந்த ஒரே சீமைச் சட்டைத்துணியைத் தைக்காமலே கொண்டுபோய் நெருப்பில் போட்டார். அந்தத் தெருவில் அவரைப்போல் சந்தோஷமாகப் போட்டவர் யாருமில்லை. சீட்டை முந்தின நாளே உரித்து எடுத்துவிட்டார்.

ஓரத்தில் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கடைக்கு அரை நாள் லீவு. சாப்பாடு முடிந்ததும் அத்தாவும் நானும் பாயில் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்காருவோம். வேறு பிள்ளைகள் பல்லாங்குழி ஆடினார்கள். எங்கள் ஆட்டம் இது.

ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. படத்தின் நடுவில் இருப்பதைப் பற்றிப் பேசினால் தோற்றுப்போவோம். ஓரத்தில், மூலையில், பின்னால் இருப்பதைத்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

"ராணிக்குப் பின்னாடி நிக்கிற வேலைக்காரி சிரிக்கல அத்தா."

"அட ஆமா. ஏனாம்?"

"ராணி காலு அவ முந்தானையில இருக்கு."

அத்தா விழுந்து விழுந்து சிரிப்பார்.

படம் போட்டவன் நம் நாட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. அவன் போட்ட புலி தென்னந்தோப்பில் உலாத்தியது. அவன் யானையின் பின்னங்கால் குதிரைக் கால் மாதிரி மடங்கியது. ஒரு ராஜா இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ராசாவா இருந்தா என்ன, பீச்சாங்கையில திங்கிறவருக்கு நம்ம வீட்டுல மூலைதான்" என்று அத்தா அவரைக் கீழ் வரிசைக் கடைசியில் ஒட்டினார்.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்றே ஒன்றுதான். அம்பாரிப் பெண்ணின் கையில் உருண்டையாக ஒன்று இருந்தது. அத்தா அதைப் பழம் என்றார். நான் பந்து என்றேன். மாதக்கணக்கில் சண்டை போட்டோம்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "படம் இருக்குற வீட்டுக்கு மலக்குமாரு வரமாட்டாக. தொழுகிற இடத்துல உருவம் ஆகுமா?" என்பார். வானவர்கள் வராமல் போய்விடுவார்களே என்ற அவர் பயம் நியாயமான பயம்தான். அத்தாவும் அதை மறுத்ததில்லை, சுவரில் ஒரு படம் மாட்டியதில்லை. அதற்குப் பதில் ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டி மூடியின் உள்பக்கம்.

"மூடியச் சாத்திட்டா உள்ள இருட்டு. இருட்டுல ஏது படம்?" என்றார்.

அம்மா இந்தச் சமாதானத்தை ஏற்கவுமில்லை, அடியோடு தள்ளவுமில்லை. தொழும்போது பெட்டி மேல் ஒரு ஜமுக்காளத்தையும் மடித்துப் போட்டுக்கொள்வார்.

என்ன பிரயோஜனம்?

"இதுல என்ன பிரயோசனம்?" என்பதும் அம்மாவின் கேள்விதான். அத்தாவுக்கு அதற்குப் பதில் தெரியாது. "சும்மாத்தான்" என்பார். இன்றைக்கு என் வீட்டுச் சுவர்களில் தொங்கும் படங்களைப் பார்க்க வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். நானும் அப்படி ஒன்றும் முன்னேறிவிடவில்லை.

ஆனால் ஒன்று சொல்லலாம். கடலைப் பார்க்காமலே கப்பலின் பாய் எந்தக் கயிற்றில் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. புடவை எடுக்கப் போனால் ஓரத்து இழையில் உள்ள கோளாறு முதலில் கண்ணில் படும். கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணை விட்டுவிட்டுக் கதவோரம் நிற்கிறவளைப் பார்ப்பேன். பத்துப் பேர் சிரித்தால் சிரிக்காத ஒருத்தியிடம் கண் போய் நிற்கும். பழக்கம் அப்படி.

அதனால்தான் அன்றைக்கு, மானம் போய்க்கொண்டிருந்த நேரத்திலும், ஒன்றைப் பார்த்தேன். பட்டாசாலை முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தபோது என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. தூணில் கை வைத்தபடி மூடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்று நினைத்தேன்.

பச்சைத் துணி அம்மாவின் யோசனை. பெட்டியைச் சீராக அனுப்ப முடிவானதும், "எல்லாத்தையும் உரிச்சுட்டு அனுப்புங்க" என்றார். அத்தா இன்றைக்கு, நாளைக்கு என்று நாளைக் கடத்தினார். கடைசியில் அம்மாவே கஞ்சிப் பசையைத் தடவிச் சாட்டின் துணியை மேலே ஒட்டிவிட்டார். பஸ் கூரையில் கட்டிய தகரப் பெட்டிக்குள் சித்திரை வெயில் என்ன செய்யும் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கஞ்சிப் பசை காய்ந்து பொருக்காகிவிட்டது. கொக்கியை எடுக்கிறவரைதான் அது பொறுத்தது.

முற்றத்தில்

செய்தி ஆண்கள் பக்கம் போய்ச் சேர நேரமாகவில்லை. என் மாமனார் நெல் மண்டி வைத்திருந்தவர், பள்ளிவாசல் காரியங்களைக் கவனிக்கிறவர். கத்திப் பேசுகிற மனிதரில்லை. வாசல்படியில் நின்று, "அஞ்சு வேளையும் தொழுகிற வீடு இது. ஒண்ணு, அதைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்க. இல்ல, பெட்டியத் திருப்பி அனுப்பிச்சிருங்க" என்றார்.

சீர்ப் பெட்டி திரும்பிப் போனால் பெண் திரும்பியதில் பாதி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "சொன்னேனே, சொன்னேனே" என்று மட்டும் முணுமுணுத்தார்.

பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிப் போனார்கள். பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தாவைக் கூப்பிட்டார்கள். மணப்பெண் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. நான் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தேன். முற்றத்தில் நடந்தது எல்லாம் காதில்தான் விழுந்தது.

"மன்னிச்சுக்கங்க சம்பந்தி. செத்த நேரத்துல எடுத்துருறேன்." அத்தாவின் குரல்.

"இந்தாங்க, தோசைக் கரண்டி. நல்லா அழுத்திச் சுரண்டுங்க." யாரோ ஓர் இளைஞனின் குரல்.

"கரண்டி வேணாம் தம்பி. கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமா?"

சுடுதண்ணீர் என்றால் அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியும். ஒன்றையும் சுரண்ட மாட்டார். தோள் துண்டை நனைத்து ஒத்தடம் வைத்து, ஒவ்வொரு படமாக, முழுசாக, நிதானமாக உரிப்பார். சம்பந்தி வீட்டு முற்றத்தில், ஊர் பார்க்க. அத்தா, சுரண்டிப் போட்டுவிட்டு வாங்க அத்தா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

முற்றத்தைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. ஜன்னல், தூண் மறைவு, கதவிடுக்கு எல்லாம் பெண்கள். முதலில் கேலிதான்.

"மாப்ள, ஒம் மாமனாரு நல்லா வித்தை காட்டுறாருப்பா!"

சிரிப்பு. பிறகு ஒரு பெண் குரல், "அடியே இங்க பாருடி, ரயிலு! புகைகூட விடுது!" என்றது. மேல் வரிசை முடிந்து இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். இன்னொருத்தி, "என்னங்கடி இந்த யானை, நொண்டி யானையா? காலு இப்படி மடங்குது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஐயய்யே! இந்த ராசா பீச்சாங்கையில திங்கிறாரு!" என்று ஒரே கூச்சல்.

தலையைத் தூக்காமலே அத்தனை படத்தையும் இன்னொருமுறை பார்த்தேன். அடுத்தவர் வாய்வழியாகப் பார்த்தேன்.

அதற்குமேல் அத்தாவால் சும்மா இருக்க முடியவில்லை. "ஆமாம்மா, நாங்களும் அதைத்தான் சொல்லிச் சிரிப்போம். அந்த மூலையில பாருங்க, ஒரு பூனை இருக்கு. நல்லா உத்துப் பாருங்க" என்றார்.

"எங்க, எங்க?" என்று நாலைந்து பேர்.

"இந்த மனுசன் இங்கயும் வந்து கடை விரிச்சுட்டாரே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது எனக்கு. அவமானம் ஒருபக்கம், அவமானப்படுகிறோம் என்றே தெரியாமல் பூனையைக் காட்டிக்கொண்டிருக்கும் அத்தா ஒருபக்கம்.

மாமனார் பொறுமை இழந்தார். "எம்புட்டு நேரம் சம்பந்தி? கிழிச்சுப் போடுங்க, முடிஞ்சது."

தண்ணீரில் துண்டு பிழிகிற சத்தம் கேட்டது.

"கிழிக்க மனசு வரல சம்பந்தி" என்றார் அத்தா. இந்த முறை குரல் மிகவும் இறங்கியிருந்தது. தெரியாமலெல்லாம் இல்லை, அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது என்று அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் புரிந்தது. "பெட்டியச் சுத்தமாத் தொடைச்சுக் குடுத்துருறேன். இதுகளை நான் எடுத்துக்கிட்டுப் போயிருறேன்."

அப்படியே செய்தார். ஈரப் படங்களைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்வாசல்வரை வந்தார். "வாரேன்த்தா" என்றார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்தேன். வேட்டி ஓரம் நனைந்து கரண்டைக்காலில் ஒட்டியிருந்தது.

பெட்டி மேலூரிலேயே இருந்தது. நானும் இருந்தேன்.

பயாஸ்கோப்பு வீட்டுப் பெண்

ஊர் எனக்குப் பெயர் வைத்தது. வளையல்காரி முதல் வண்ணாத்திவரை "பயாஸ்கோப்பு வீட்டுப் பொண்ணுதானே?" என்றே கேட்டார்கள். அதுவரை நான் பயாஸ்கோப்பு பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்வேன்.

அத்தா பெருநாளுக்குப் பெருநாள் வருவார். கையில் பலகாரம் இருக்கும். மாமனாரிடம் ஸலாம் சொல்லி, என் தலையைத் தொட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். படங்களைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அந்த முற்றம் மறுபடி வந்து முன்னால் நிற்கும். மதுரை வீட்டில் படங்கள் கண்ணில் படாததால், கடையில் எங்கோ பத்திரப்படுத்தியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் சண்டை வந்துவிட்டது. ஜெர்மன் சண்டை. மேலூர் பஸ் கரியில் ஓட ஆரம்பித்தது. துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. சீமைத்துணிக் கப்பல்கள் நின்றன. துணி நின்றதும் சீட்டும் நின்றது. அத்தாவின் கடையில் பிரிக்க மூட்டையே இல்லையாம்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் நானும் என் மாமியாரும் அடுப்படியில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். மாமி அதிகம் பேசுகிறவர் இல்லை. வந்த நாளிலிருந்து என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை, அன்பாக ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. திடீரென்று வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, யானை மேல ஒருத்தி உக்காந்திருந்தாளே. அவ கையில வச்சிருந்தது என்னா?"

எந்த யானை, யார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகமெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்து இவரும் குத்திக் காட்ட ஆரம்பித்துவிட்டாரே என்று நினைத்தேன்.

"தெரியாது மாமி. அத்தா பழம்னாக. நான் பந்துன்னேன்."

மாமி உளுந்தை அளைந்தபடி யோசித்தார். "பழந்தான்" என்றார். "பந்துன்னா வெரலை இப்படி வச்சிருக்க மாட்டா. அழுத்துனா நசுங்கிருமேன்னு பிடிச்சிருந்தா."

தன் விரல்களை அப்படியே மடக்கிக் காட்டினார். மாதக்கணக்கில் அந்தப் படத்தைப் பார்த்த எனக்கு விரல் கண்ணில் படவில்லை.

"நீங்க எப்ப மாமி பாத்தீக?"

"துணி விழுந்துச்சுல்ல, அப்பத்தான். அதுக்குள்ள அவுக பெட்டியத் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாக. முத்தத்துக்கு நான் வர முடியுமா? சம்பந்தி நிக்கிறாக." கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாளுக. நான் சிரிக்கல, தெரியுமா?" என்றார்.

"தெரியும் மாமி. கோவம்னு நெனச்சேன்."

"கோவமில்லடி. பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதன் பிறகு அடுப்படியில் வேலை இருக்கும்போதெல்லாம் கேட்க ஆரம்பித்தார். கப்பலில் எத்தனை பாய்? ஊஞ்சல்காரி யாரைப் பார்த்துச் சிரித்தாள்? முற்றத்தில் பூனை, பூனை என்றார்களே, அது எங்கே இருந்தது? நான் கரித்துண்டால் தரையில் கோடு இழுத்துக் காட்டுவேன். மாமி உடனே காலால் அழித்துவிடுவார். அழித்துவிட்டு, இன்னொருமுறை போடச் சொல்வார்.

ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "இந்த வயசுல படம் பாக்கணும்னு கேக்க எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. ஒரே ஒரு தடவை. அவுக வெளிய போயிருக்கும்போது பாத்துட்டுக் குடுத்துருவோம். ஒங்க அத்தாகிட்டச் சொல்லுவியா?"

நான் சொல்வதற்கு வழி ஏது? சரக்கு எடுக்க மதுரை போகும் என் வீட்டுக்காரரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு வார்த்தை ஒவ்வொன்றும் காசு. மாமியின் ஆசையை அவரிடம் உடைத்துச் சொல்ல எனக்கும் கூச்சம். அந்தப் படங்கள் விஷயமாக அத்தாவை ஒருமுறை வந்துபோகச் சொல்லுங்கள் என்றேன். அவர் என் அத்தாவிடம் போய், "அம்மா அந்தப் படத்தைப் பத்திக் கேக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

திரைக்கு இந்தப் பக்கம்

அத்தா வருகிற அன்று மாமி காலையிலேயே வேலைகளை முடித்துவிட்டார். உள்ளறையில் பாய் விரித்து, அதன் மேல் துவைத்த வெள்ளைத் துணி ஒன்றைச் சுருக்கமில்லாமல் விரித்தார். படங்களைப் பரப்புவதற்கு. ஜன்னல் கதவை எந்த அளவு திறந்தால் துணி மேல் வெளிச்சம் விழும் என்று நாலுமுறை திறந்து மூடிப் பார்த்தார். மாமனார் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகும் நேரமாகப் பார்த்து அத்தாவை வரச் சொல்லியிருந்தோம்.

அத்தா வந்தார். கையில் பலகாரப் பொட்டலம் மட்டும் இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக. முகம் வெளிறிப்போயிருந்தது. படங்களை மடியில் வைத்துக் கட்டியிருப்பார் என்று நான் நினைத்தேன். மாமியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு ஆசையாக அவர் மூச்சு விட்டு நான் கேட்டதில்லை.

"சம்பந்தி, ஸலாம் அலைக்கும். அன்னைக்கு எடுத்துட்டுப் போனீகளே, அந்தப் படமெல்லாம் இப்ப எங்க இருக்கு?" என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டார் மாமி.

அத்தா எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒண்ணுகூட இல்ல சம்பந்தி. அல்லா மேல ஆணை. நீங்க பயப்படவே வேணாம்."

திரை அசையவில்லை. அத்தா அதைப் பார்த்துத் தொடர்ந்து பேசினார், யாரோ நம்ப மறுப்பது மாதிரி.

"அன்னைக்கே முடிச்சுட்டேன் சம்பந்தி. பஸ்ஸு வைகைப் பாலத்துகிட்ட நின்னுச்சு, எறங்கிட்டேன். கோடை மழை பேஞ்சு ஆத்துல கொஞ்சம் தண்ணி போயிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணொண்ணா விட்டேன். கிழிக்கல, தண்ணியில விட்டுட்டேன். பொண்ணு வாழ வந்த எடத்துல இன்னொரு தடவை பேச்சு வரக்கூடாது பாருங்க. அதுக்கப்புறம் நான் ஒரு சீட்டும் எடுத்ததில்ல. கணக்குப்பிள்ளை குடுத்தாக்கூட வேணாம்னுட்டேன். வேணும்னா எங்க வீட்டுக்கு வந்து யாரை வேணாலும் சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இத்தனை தூரம் வந்திருக்கிறார். இத்தனை வருஷமும் அந்த முற்றத்திலேயே நின்றிருக்கிறார். கிழிக்க மனசு வராதவர் எனக்காக அவ்வளவையும் ஆற்றில் விட்டிருக்கிறார், அதுவும் மறுநாள்கூட இல்லை, அன்றைக்கே.

பெட்டி திறந்த அன்று பட்ட வெட்கம் ஊருக்கு முன்னால் பட்டது. இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தா, அதைக் கேட்கவில்லை அத்தா, மாமி பார்க்கத்தான் ஆசைப்பட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மாமி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். கண் நிறைந்திருந்தது. சொன்னால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று என்னைவிட முன்னால் அவர் பார்த்துவிட்டார்.

"நல்ல காரியம் செஞ்சீக சம்பந்தி" என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீக. உக்காருங்க. சாப்புட்டுட்டுத்தான் போகணும்."

அத்தா உட்கார்ந்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"இது ஒண்ணுதான் சம்பந்தி, இம்புட்டு நாளா நெஞ்சுல கெடந்துச்சு" என்றார், சிரித்துக்கொண்டே.

மாமி என் மணிக்கட்டை விடவில்லை.